எண்ணிக்கையும் எழுத்தும்: சிக்வோயா வாக்கெடுப்பு, 1905

2023 ஒக்டோபர் 14 அன்று அவுஸ்திரேலியாவில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு புலம்பெயர்ந்த நம்மவர் மத்தியில் பெரிதாக விவாதிக்கப்படவில்லை. பேசியவர்களிற் பலரும் ஒரே வாக்கியத்தில் அதை முடித்துக்கொண்டார்கள்: 'பெரும்பான்மை ஒருபோதும் தராது.' அனுபவத்தில் விளைந்த வாக்கியம்தான். ஆனால் வரலாற்று விளக்கமாக அது போதாது என்பது எனது வாதம். போதாதது மட்டுமல்ல, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளை அது மறைத்தும் விடுகிறது.

ஆதிக்குடிகளினதும் தொரெஸ் நீரிணைத் தீவினரதும் கருத்தைப் பாராளுமன்றத்திற்கும் அரசுக்கும் எடுத்துச் சொல்லும் ஓர் அவையை அரசியல் யாப்பில் எழுதலாமா என்பதே அங்கு கேட்கப்பட்ட கேள்வி. அந்த அவைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. சட்டத்தைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. அதற்கும் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் 'இல்லை' என்றனர். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட 'ஆம்' எனவில்லை.

அதே நாட்டில் 1967இல் ஆதிக்குடிகள் தொடர்பாக நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்திற்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றிருந்தனர். ஆக, பெரும்பான்மை தந்ததும் உண்டு. எதைத் தந்தது, எதை மறுத்தது என்பதே கேள்வி. 1967இல் கேட்கப்பட்டது, குடித்தொகைக் கணக்கில் ஆதிக்குடிகளைச் சேர்க்காமல் விட்ட பிரிவை நீக்குவதும், அவர்களுக்கென மத்திய அரசு சட்டம் இயற்ற வழிவிடுவதும். 'உங்களோடு சேர்த்து எங்களையும் எண்ணுங்கள்' என்ற கோரிக்கை அது. 2023இல் கேட்கப்பட்டது, 'எங்களை ஒரு மக்களாகத் தனியே கேளுங்கள்' என்பது. முன்னதைத் தாராளமாகத் தந்த அதே பெரும்பான்மை, பின்னதைப் பிரிவினை என்றது. 'இல்லை' முகாமின் முக்கிய சொல் சமத்துவம்: எல்லோரும் பிரசைகள், ஒரு பகுதியினருக்கு மட்டும் ஏன் தனிக்குரல்? இலங்கைத் தமிழர் எவருக்கும் இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

உடனடிக் காரணங்களும் உண்டு. இரு பெருங் கட்சிகளும் உடன்படாத எந்த யாப்புத் திருத்தமும் அங்கு நிறைவேறியதில்லை. இதுவரை மக்கள்முன் வைக்கப்பட்ட 45 கேள்விகளில் 8 மட்டுமே வென்றன. 2023இல் எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. தேசிய மட்டத்தில் பெரும்பான்மையும், ஆறில் நான்கு மாநிலங்களில் பெரும்பான்மையும் என இரட்டைத் தடையையும் தாண்ட வேண்டியிருந்தது. குடித்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவான ஒரு மக்கள், தமது கோரிக்கையை மற்ற தொண்ணூற்றாறு பேரின் தீர்ப்புக்கு விட்டனர்.

ஆனால் வாக்கெடுப்பில் வென்றும் தோற்ற பூர்வகுடிகள் உண்டு. அந்த வரலாறு நான் இன்று வாழும் நாட்டுக்குரியது. எண்ணிக்கையை மட்டும் நம்புவோரும், எண்ணிக்கையை மட்டும் பழிப்போரும் அறிய வேண்டியது அது.

2

நான் வசிப்பது நியூ ஜேர்சியில், பிஸ்கட்டவே என்ற ஊரில். இங்கே ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிறேன். ஒரு காலத்தில் கிழக்கிலங்கையில் வரலாறு படிப்பித்தவன். ஊரின் பெயர் பூர்வகுடிப் பெயர்தான். ஆனால் இந்த மண்ணின் பெயரல்ல. 1666இல் இங்கு குடியேறியவர்கள் தாம் விட்டு வந்த வடக்கேயுள்ள பிஸ்கற்றாக்குவா ஆற்றின் பெயரைக் கொண்டுவந்து இட்டனர். இந்த மண்ணுக்குரியவர்கள் லெனாபே மக்கள். ஆங்கிலேயர் அவர்களை 'டெலவேயர்' என்றனர்.

புதிய அமெரிக்கக் குடியரசு ஒரு பூர்வகுடியோடு முதன்முதலில் எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கை இந்த மக்களோடுதான். 1778 செப்டெம்பரில், பிட் கோட்டையில். அதன் ஆறாம் பிரிவு, டெலவேயர் தேசத்தைத் தலைமையாகக் கொண்டு பூர்வகுடிகள் ஒரு மாநிலமாக இணையலாம், காங்கிரசில் பிரதிநிதித்துவம் பெறலாம் என்று சொல்கிறது. அது நிறைவேறவில்லை. லெனாபே மக்கள் மேற்கே, மேலும் மேற்கே எனத் துரத்தப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினரின் அரசமையம் இன்று ஒக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லில் உள்ளது. நான் சொல்ல வந்த வாக்கெடுப்பு நடந்ததும் அந்த நிலப்பரப்பில்தான்.

1830இன் அகற்றல் சட்டத்திற்குப் பின்னர் செரோக்கி, கிறீக், சொக்டோ, சிக்கசோ, செமினோல் ஆகிய ஐந்து தேசங்கள் தென்கிழக்கிலிருந்து மிசிசிப்பிக்கு மேற்கே தள்ளப்பட்டன. வழியில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது எழுத்து. 1835இன் செரோக்கி உடன்படிக்கை இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது: அவர்கள் சம்மதமின்றி அவர்கள் நிலம் எந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளும் சேர்க்கப்படாது, காங்கிரசின் கீழ்ச்சபையில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம். அந்த நிலத்தை அரச ஆவணங்கள் 'இந்தியன் டெரிட்டரி' என்றன. நமக்குக் குழப்பம் வராதிருக்க, இனி அதைப் பூர்வகுடிப் பிரதேசம் என்பேன்.

அங்கே ஐந்து தேசங்களும் யாப்பும் சட்டசபையும் நீதிமன்றமும் பாடசாலையும் அமைத்துக்கொண்டன. பின்னர் ரயில்பாதை வந்தது. ரயிலோடு குடியேறிகள் வந்தார்கள். 1900 கணக்கெடுப்பில் அப்பிரதேசத்தில் ஏறத்தாழ 392,000 பேர். அவர்களில் பூர்வகுடிகள் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. தமக்கென எழுதித் தரப்பட்ட நிலத்திலேயே சிறுபான்மையானார்கள். கல்லோயாவுக்கும் கந்தளாய்க்கும் பின்னர் கிழக்கு மாகாணத்தின் கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1898இல் கேர்ட்டிஸ் சட்டம் தேசங்களின் நீதிமன்றங்களை ஒழித்தது, பொதுநிலத்தைத் தனியாட்களுக்குப் பங்கிட வழிசெய்தது. 1906 மார்ச்சுடன் தேச அரசுகள் கலைக்கப்படும் என நாளும் குறிக்கப்பட்டது.

நாள் நெருங்கியபோது தலைவர்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. குடியேறிகளின் ஒக்லஹோமாப் பிரதேசத்தோடு கரைவது ஒன்று. தமது நிலத்தைத் தனி மாநிலமாக்கிக் காங்கிரசில் நுழைவது மற்றது. இரண்டாவதைத் தேர்ந்தனர். 1905 ஓகஸ்ட் 21 அன்று மஸ்கோகி நகரில் யாப்புப் பேரவை கூடியது. கிறீக் தலைவர் பிளெசன்ட் போட்டர் அதன் தலைவர்; கிறீக் கவிஞரும் பத்திரிகையாளருமான அலெக்சாண்டர் போசி செயலாளர். உத்தேச மாநிலத்திற்குச் செரோக்கி மொழிக்கு எழுத்து வகுத்த சிக்வோயாவின் பெயரை இட்டனர். நவம்பர் 7 அன்று யாப்பு மக்கள் வாக்கிற்கு விடப்பட்டது. ஆதரவு 56,279, எதிர்ப்பு 9,073. நூற்றுக்கு எண்பத்தாறு பேர் 'ஆம்' என்றனர். குடியேறிய வெள்ளையரிலும் பெருந்தொகையானோர் ஆதரித்தாலன்றி இந்த எண்ணிக்கை சாத்தியமே அல்ல.

ஆனால் அடுத்த மாதமே சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் இரு பிரதேசங்களும் ஒரே மாநிலமாக வேண்டும் என்றார். சிக்வோயாவுக்கான மசோதாக்கள் இரு சபைகளிலும் முன்வைக்கப்பட்டு, விவாதமின்றிக் கிடப்பில் போடப்பட்டன. 1907 நவம்பர் 16 அன்று ஒக்லஹோமா பிறந்தது. பிளெசன்ட் போட்டர் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

3

ஏன் தோற்றது? இனவெறி என்று ஒரு சொல்லில் சொல்லலாம். அது பொய்யல்ல, ஆனால் இயங்குமுறையைச் சொல்லாது. நான் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, கேள்வியை எழுதும் உரிமையும் விடையை ஏற்கும் உரிமையும் வாக்களித்தவர்களிடம் இருக்கவில்லை. மாநிலம் ஒன்றை ஏற்பது காங்கிரசின் அதிகாரம். ஒவ்வொரு மாநிலத்திற்கும் செனற்சபையில் இரு ஆசனங்கள். ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சிக்காரர், இரு மாநிலங்கள் உருவானால் நான்கு ஜனநாயகக் கட்சிச் செனற்றர்கள் வருவார்கள் எனக் கணக்கிட்டனர். மஸ்கோகியில் எண்ணப்பட்ட 56,279 வாக்குகளுக்கு வாஷிங்டனில் எண்ணப்பட்ட அந்த நான்கு ஆசனங்கள் போதிய பதிலாயின. என் தொழிற்சாலையிலும் ஒரு முறை வேலைநேரத்தைத் தொழிலாளர் தேர்வுக்கு விட்டார்கள். இரண்டு அட்டவணைகள், இரண்டையும் எழுதியது நிர்வாகம். நாங்கள் ஒழுங்காக வாக்களித்தோம். வாக்குச் சீட்டைக் கையில் தருவதும் அதிகாரத்தைக் கையில் தருவதும் ஒன்றல்ல.

இரண்டாவது, கூட்டாளிகள். பேரவையின் ஐந்து துணைத் தலைவர்களில் இருவர் வெள்ளையர்: ரயில்பாதை வியாபாரி சார்ள்ஸ் ஹஸ்கல், சிக்கசோ குடும்பத்தில் மணம்புரிந்த வழக்கறிஞர் வில்லியம் மரே. சிக்வோயா கைவிடப்பட்டதும் இவர்கள் இருவரும் ஒக்லஹோமாவின் யாப்பை ஆக்கப் புறப்பட்டனர். மரே அந்தப் பேரவையின் தலைவரானார். ஹஸ்கல் முதலாவது ஆளுநரானார். சிக்வோயா யாப்பின் பல கூறுகளும் அவர்களோடு சென்றன, பூர்வகுடிகளின் அரசு என்ற ஒன்றைத் தவிர. அந்தக் குடியேறிகளுக்கு வேண்டியிருந்தது ஒரு மாநிலம். யாருடைய மாநிலம் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

மூன்றாவது காரணம் நமக்குக் கசப்பானது. ஐந்து தேசங்களும் கறுப்பினத்தாரை அடிமைகளாக வைத்திருந்தவை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் அடிமைமுறையை ஒழித்தன. செரோக்கி, கிறீக், செமினோல் உடன்படிக்கைகள் விடுதலையானோரையும் அவர்தம் சந்ததியையும் அந்தந்தத் தேசங்களின் உறுப்பினராகவும் ஏற்றன. இருந்தும் சிக்வோயா யாப்பு ஆபிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை என்றது. தமக்குப் பிரதிநிதித்துவம் கேட்டவர்கள், தமக்குள்ளிருந்த சிறுபான்மையைச் சம பங்காளியாக்கவில்லை. ஒக்லஹோமா செனற்சபை இயற்றிய முதற் சட்டம் ரயில்பெட்டிகளில் கறுப்பரைப் பிரிக்கும் சட்டம். அந்த வழியில் ஒரு கல்லைச் சிக்வோயாவும் வைத்திருந்தது.

4

இங்கே நான் கிழக்கிற்குத் திரும்ப வேண்டும். 1987 ஜூலை இந்திய-இலங்கை உடன்படிக்கை, வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்படும் என்றது. இணைப்பு நீடிப்பதா என்பதைக் கிழக்கு மாகாண மக்கள் 1988 டிசம்பர் 31க்கு முன் வாக்கெடுப்பில் தீர்மானிப்பர், சனாதிபதி அதை ஒத்திவைக்கலாம் என்றும் சொன்னது. அப்போது எனக்கு வயது 19. மட்டக்களப்பில் இருந்தேன். என்னைப் போன்றவர்களிடம்தான் அந்தக் கேள்வி கேட்கப்படவிருந்தது. கேட்கப்படவேயில்லை. ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு. 2006 ஒக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது.

அரசைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வாக்கெடுப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1981 கணக்கெடுப்பின்படி கிழக்கில் தமிழர் ஐந்தில் இரண்டு பங்கு, முஸ்லிம்கள் மூன்றிலொரு பங்கு அளவு, சிங்களவர் நான்கிலொரு பங்கு. விடை முஸ்லிம் மக்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு நாம் எழுத்தில் என்ன கொடுத்திருந்தோம்? 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். அதற்குப் பின்னும் நம் மேடைகள் 'வடகிழக்கு தமிழ் பேசும் மக்கள்' என்றே பேசின.

இந்த இடத்தில் நண்பர்கள் இடைமறிக்கக் கூடும்: ஒடுக்கப்பட்டவனிடம் இந்தக் கணக்கைக் கேட்பது ஒடுக்குபவனுக்கு உதவாதா? இதற்கும் ஒக்லஹோமாவே பதில் சொல்கிறது. 2007 மார்ச்சில் செரோக்கி தேசம் தன் பிரசைகளிடையே ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. கறுப்பின விடுதலையாளரின் வழித்தோன்றல்களைப் பிரசாவுரிமையிலிருந்து நீக்கலாமா? நான்கில் மூன்று பங்கிற்கு மேல் 'ஆம்' என்றனர். எண்ணிக்கையால் நசுக்கப்பட்ட ஒரு மக்கள், தம் கைக்கு எண்ணிக்கை வந்ததும் அதையே செய்தனர். அந்த வாக்கை நிற்கவிடாமற் செய்தது 1866இன் தாள். 2017இல் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று, உடன்படிக்கை அவர்களின் உரிமையைக் காக்கிறது எனத் தீர்ப்பளித்தது. செரோக்கி அரசு மேன்முறையீடு செய்யாமல் ஏற்றது. 2021இல் செரோக்கியின் சொந்த உயர் நீதிமன்றம் 'இரத்தவழி' என்ற சொல்லையே தன் யாப்பிலிருந்து நீக்கியது. 2025 ஜூலையில் கிறீக் தேசத்தின் உயர் நீதிமன்றமும் அதே வழியிற் சென்றது.

ஆக, என் முடிவு இது: வாக்கெடுப்பு எண்ணிக்கை உள்ளவரின் ஆயுதம், உடன்படிக்கை எண்ணிக்கை அற்றவரின் காவல். இது சிங்களப் பெரும்பான்மைக்கும் நமக்கும் இடையில் உண்மையென்றால், நமக்கும் நம்மிற் சிறியோருக்கும் இடையிலும் உண்மை.

5

தோல்விக்குப் பின் என்ன நடந்தது என்பதை மட்டும் பார்த்தால் சிக்வோயா ஒரு புலம்பலாகவே முடிந்திருக்கும். பங்கிடப்பட்ட நிலங்களின் மீதிருந்த விற்பனைத் தடைகளிற் பெரும்பகுதியை 1908இல் காங்கிரஸ் நீக்கியது. எண்ணெய் கிடைத்த காணிகளுக்கு உரித்தான பிள்ளைகளுக்கு உள்ளூர் நீதிமன்றங்கள் 'பாதுகாவலரை' நியமித்தன, காணி போயிற்று. தேசங்களின் தலைவர்களை நியமிக்கும் அதிகாரம் அமெரிக்க சனாதிபதியிடம் இருந்தது. ஐந்து தேசங்களும் தம் தலைவர்களைத் தாமே தெரிய வழிசெய்த சட்டம் 1970இல்தான் வந்தது. கிறீக் தேசம் 1979இல் புதிய யாப்பை எழுதியது. நீதிமன்றத்தையும் பொலிசையும் மீளக் கட்டியது.

பின்னர் 2020 ஜூலை 9 அன்று, மெக்கேர்ட் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பைத் தந்தது. கிறீக் மக்களுக்கு உடன்படிக்கைகளால் ஒதுக்கப்பட்ட நிலத்தைக் காங்கிரஸ் எந்தச் சட்டத்திலும் வெளிப்படையாகக் கலைக்கவில்லை. ஆகவே குற்றவியற் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்னும் பூர்வகுடி நிலமே. துல்சா நகரின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. அடுத்த ஆண்டு ஒக்லஹோமா நீதிமன்றங்கள் ஏனைய நான்கு தேசங்களுக்கும் இதைப் பொருத்தின. வரைபடத்தை விரித்தால், கிடப்பில் போடப்பட்ட சிக்வோயாவின் பெரும்பகுதி தெரியும்.

இதை வெற்றிப் பாட்டாகப் பாட நான் விரும்பவில்லை. 2022 ஜூனில் அதே நீதிமன்றம், அதே ஐந்துக்கு நான்கில், மாநிலத்தின் அதிகாரத்தை ஓரளவு மீட்டுக் கொடுத்தது. 1835இல் வாக்களிக்கப்பட்ட பிரதிநிதியைச் செரோக்கி தேசம் 2019இல் பெயர் குறித்து அனுப்பியது. 2022 நவம்பரில் காங்கிரஸ் குழுவொன்று விசாரணை நடத்தியது. அதற்குப் பின்னும் ஆசனம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. 1905இன் 56,279 வாக்குகளை எந்த நீதிமன்றமும் கணக்கிலெடுக்கவில்லை. கணக்கிலெடுக்கப்பட்டது இரு தரப்பும் கையொப்பமிட்ட தாள். அந்தத் தாளுக்கு உரிமை கோர உயிரோடிருந்த ஓர் அரசு. அந்த அரசைப் பேணிய நூற்றாண்டுக்கு மேற்பட்ட அலுப்பூட்டும் உழைப்பு.

அவுஸ்திரேலியாவிலும் போக்கு அதுவே. 2023இன் தோல்விக்குப் பின் மத்திய யாப்பை விட்டு மாநில உடன்படிக்கைகளின் பக்கம் கவனம் திரும்பியது. 2025இல் விக்டோரியா மாநிலப் பாராளுமன்றம் உடன்படிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. குவீன்ஸ்லாந்து அத்தகைய முயற்சியைக் கைவிட்டது. வழி நேரானதல்ல.

நம்மிடம் என்ன தாள் இருக்கிறது? 1957இன் பண்டா-செல்வா ஒப்பந்தமும் 1965இன் டட்லி-செல்வா ஒப்பந்தமும் இரு தலைவர்களின் இணக்கங்கள். கைவிடப்பட்டபோது முறையிட ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை. 1987 உடன்படிக்கையில் கையொப்பமிட்டவை இரண்டு அரசுகள். தமிழர் அதில் ஒரு தரப்பல்ல. 2006இல் இணைப்பு விழுந்ததும் எழுத்திலிருந்த குறையால்தான். ஆயுதக் களைவு நடந்தால் மட்டுமே இணைக்கலாம் என்றது மாகாணசபைச் சட்டம். சனாதிபதி ஜயவர்த்தனா அவசரகால விதியால் அந்த நிபந்தனையை மாற்றியிருந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம். இவற்றையெல்லாம் வரிவரியாகப் படிக்க வேண்டிய நாம், 2009இலும் 2010இலும் நோர்வே, பிரான்ஸ், கனடா, பிரித்தானியா எங்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடத்தினோம். 99 சதவீதம் அளவில் 'ஆம்'. சிக்வோயாவை விடப் பெரிய வெற்றி. அந்த வாக்குகளில் துயரம் இருந்தது, உறுதி இருந்தது, மதிக்கிறேன். ஆனால் முள்ளிவாய்க்காலுக்குப் பின் ஊரில் எஞ்சியிருந்தவர்களிடம் அந்தச் சீட்டு போகவில்லை. முஸ்லிம் மக்களுக்கும் மலையக மக்களுக்கும் அந்தச் சீட்டில் எந்த வரியும் இருக்கவில்லை.

எனவே விவாதத்திற்காக ஒரு யோசனையை முன்வைக்கிறேன். இன்னொரு வாக்கெடுப்பை நாம் கோருமுன், நமது தரப்பிலிருந்து ஒரு வரைவு எழுதப்பட வேண்டும். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காணி, மீள்குடியேற்றம். கிழக்கில் முஸ்லிம்களுக்கு எத்தகைய அதிகார அலகு. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய மக்களின் காணி உரிமை. எல்லையோரச் சிங்களக் கிராமங்களின் பாதுகாப்பு. இவை ஒவ்வொன்றும் பின்னால் வரும் எந்தத் தமிழ்ப் பெரும்பான்மையும் வாக்களித்து அழிக்க முடியாத விதத்தில், மற்றத் தரப்பின் கையொப்பத்தோடு எழுதப்பட வேண்டும். இது தந்திரோபாயமா, அறமா என்று பிரித்துக் கேட்கும் நண்பர்கள் 1866இன் தாளை இன்னொரு முறை பார்க்கட்டும். அதை எழுதியவர்களில் எவரும் அறவோர் அல்லர். ஆனால் எழுதப்பட்டிருந்ததால், 151 ஆண்டுகள் கழித்து ஒருவர் அதை நீதிமன்றத்திற்கு எடுத்துச் செல்ல முடிந்தது.

மாறுபடுவோர் இந்தப் பக்கங்களில் எழுதவேண்டும். குறிப்பாகக் கிழக்கைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர்கள். வரைவின் முதல் வரிகள் அவர்களிடமிருந்து வருவதே முறை.